நெல்லுக்குள்ளே ஒரு காவல்காரன்



திருவாடானைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தபோது, கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். “ஏன் தம்பி, எங்க அப்பா காலத்துல நெல்லுக்கு மருந்தே அடிச்சதில்லை. அப்பவும் பூச்சி இருந்துச்சு, நெல்லும் வெளைஞ்சுச்சு. இப்ப மருந்து அடிக்காம கதிரைப் பாக்க முடியலையே, அது எப்படி? பூச்சி மாறிப்போச்சா, நெல்லு மாறிப்போச்சா?” என்றார்.

சின்னக் கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தேடி உலகத்தில் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஐம்பது அறுபது வருஷமாகப் பாடுபட்டிருக்கிறார்கள். பூச்சியும் மாறியது, நெல்லும் மாறியது. அந்தக் கதையைத்தான் இன்றைக்கு உங்களோடு பேசப் போகிறேன். கதை கொஞ்சம் ஊர் ஊராகச் சுற்றும். ஆனால் கடைசியில் நம் இராமநாதபுரம் சீமைக்கே வந்து சேரும்.

ஆப்பிள் தோட்டத்தில் ஆரம்பம்

முதலில் ஆப்பிளைப் பற்றி ஒரு வார்த்தை. “நமக்கும் ஆப்பிளுக்கும் என்னங்க சம்பந்தம்?” என்று நினைக்க வேண்டாம். ஒரு பயிரில் ஒரு ரகத்தைப் பூச்சி தின்னும், அடுத்த ரகத்தைத் தொடாது என்பதைப் பார்த்து எழுதி வைத்த பழைய குறிப்புகளில் ஒன்று ஆப்பிளைப் பற்றியதுதான்.

ஆப்பிள் மரத்தில் ஒருவகை அசுவினி உண்டு. உடம்பு முழுக்க வெள்ளைப் பஞ்சை ஒட்டி வைத்த மாதிரி இருக்கும். கிளையிலும் கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும், மண்ணுக்குள் இறங்கி வேரையும் முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும். இங்கிலாந்தில் ஜார்ஜ் லிண்ட்லி என்ற தோட்டக்கலை வல்லுநர் 1831-ஆம் ஆண்டில் ஒன்றைக் குறித்து வைத்தார். சுற்றியுள்ள மரங்களில் எல்லாம் இந்த அசுவினி மொய்த்தாலும், ‘விண்டர் மெஜட்டின்’ என்ற ஒரு ரகத்தில் மட்டும் அது ஏறவில்லை என்பதே அந்தக் குறிப்பு.

அதேபோல் அமெரிக்காவில் ‘நார்தர்ன் ஸ்பை’ என்று ஒரு ஆப்பிள். அதன் வேரையும் இந்த அசுவினி தொடாது. ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து விவசாயிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? நாம் மாவில் ஒட்டுக் கட்டுவதுபோல, அடிச்செடிக்கு நார்தர்ன் ஸ்பையை வைத்து, மேலே தங்களுக்கு வேண்டிய ரகத்தை ஒட்டுக் கட்டினார்கள். வேர் பிழைத்தது, மரமும் பிழைத்தது. பிறகு இங்கிலாந்தில் மால்லிங், மெர்ட்டன் என்ற இரண்டு ஆராய்ச்சி நிலையங்கள் அந்த நார்தர்ன் ஸ்பையைக் கொண்டு கலப்புச் செய்து புதிய அடிச்செடிகளை உண்டாக்கின. இமாசலப் பிரதேசத்திலும் காஷ்மீரிலும் ஆப்பிள் போடுகிறவர்கள் அந்த வகை அடிச்செடிகளை இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள்.

மருந்தை வெளியிலிருந்து அடிப்பது ஒரு வழி. காவல்காரனைப் பயிருக்குள்ளேயே வைப்பது இன்னொரு வழி. இரண்டாவது வழிக்கு ஆப்பிள் ஒரு முன்மாதிரி.

காவல் மூன்று விதம்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த பெயிண்டர் என்ற பூச்சியியல் அறிஞர் 1951-இல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். பயிரின் எதிர்ப்பை அவர் மூன்று விதமாகப் பிரித்தார்.

முதல் விதம், பூச்சிக்குப் பிடிக்காமல் போவது. வாசல் வரைக்கும் வந்த விருந்தாளி, வீட்டைப் பார்த்ததும் உட்காராமல் திரும்பிப் போவது மாதிரி. பூச்சி வரும், முட்டையிடாமல் போய்விடும்.

இரண்டாவது விதம், தின்றாலும் உடம்பில் ஒட்டாதது. புழு பயிரைத் தின்னும், ஆனால் வளராது. சில செத்துப்போகும், சில நோஞ்சானாகும். அடுத்த தலைமுறை பெருகாது.

மூன்றாவது விதம், தாங்கிக்கொள்வது. பூச்சி தின்னும், பெருகவும் செய்யும். ஆனாலும் பயிர் புதுத் தூர் வெடித்து விளைச்சலைக் கொடுத்துவிடும்.

இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நெல்லுக்கு வருவோம்.

நம் நாட்டு நெல் வெளிநாடு போன கதை

கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சிக்கென்று 1912-இல் ஒரு நிலையம் ஏற்பட்டது. கொனாமணி என்ற நெல்லிலிருந்து இயற்கையாகவே மாறி வந்த ஒரு செடியைப் பொறுக்கி எடுத்து, 1921-இல் ஜி.இ.பி. 24 என்று வெளியிட்டார்கள். நம் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் கிச்சிலிச் சம்பா. பிற்பாடு திரூர்க்குப்பம் நிலையத்தில், இந்த ஜி.இ.பி. 24 நெல்லையும் கோ 18 நெல்லையும் கலந்து, டி.கே.எம். 6 என்ற ரகத்தை 1952-இல் கொடுத்தார்கள். இதற்கிடையில் அம்பாசமுத்திரம், பட்டாம்பி என்று பல ஊர்களிலும் நிலையங்கள் வந்தன. பட்டாம்பி இன்றைக்குக் கேரளத்தில் இருக்கிறது. அன்றைக்கு அதுவும் சென்னை மாகாணம்தான். அங்கங்கே உழவர்கள் வைத்திருந்த நெல்லைச் சேகரித்து, பொறுக்கி, எண் கொடுத்து வைத்தார்கள். அந்த எண்களுக்குப் பின்னால் இருப்பது பெயர் தெரியாத நம் பாட்டன் பூட்டன் வைத்திருந்த விதை என்பதை மறக்கக்கூடாது.

பிலிப்பைன்ஸ் நாட்டில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1960-இல் தொடங்கியது. அங்கிருந்து 1966-இல் ஐ.ஆர். 8 வந்தது. குட்டைப் பயிர், சாயாது, உரம் போட்டால் கொட்டிக் கொடுக்கும். பஞ்சம் பிழைத்த நாட்டுக்கு அது பெரிய உதவி, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் யூரியா தின்று கருகருவென்று அடர்ந்து நின்ற அந்தப் பயிர் பூச்சிக்கு விருந்துச் சாப்பாடாக ஆகிவிட்டது.

அப்போது அந்த நிலையத்தில் பூச்சியியல் வல்லுநராக இருந்தவர் நம் நாட்டுக்காரர், எம்.டி. பாத்தக். அவரும் கூட இருந்தவர்களும் உலகம் முழுக்கச் சேகரித்த ஆயிரக்கணக்கான நெல் ரகங்களை ஒவ்வொன்றாகப் பூச்சிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தண்டுத்துளைப்பானுக்குச் சோதித்தபோது நன்றாக நின்ற ரகங்களில் நம் டி.கே.எம். 6 முக்கியமானது. அந்துப்பூச்சி அதன்மேல் குறைவாகவே முட்டையிட்டது. தண்டுக்குள் போன புழுவும் சரியாக வளரவில்லை. சற்றுமுன் சொன்னேனே, முதல் விதமும் இரண்டாம் விதமும் ஒன்றாகச் சேர்ந்த காவல்.

அந்த டி.கே.எம். 6 நெல்லைக் கலந்து உண்டாக்கியதுதான் 1969-இல் வந்த ஐ.ஆர். 20. நம் தமிழ்நாட்டில் எத்தனை வருஷம் வயல் வயலாக நின்ற ரகம் அது! வெளிநாட்டு நெல் என்று நாம் நினைத்தோம். அதன் ரத்தத்தில் பாதி திரூர்க்குப்பம்.

புகையான் வந்தது

அடுத்துப் புகையான். நெல்லின் அடித்தூரில், தண்ணீருக்குச் சற்று மேலே, தவிட்டு நிறத்தில் கூட்டங்கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சி. மேலேயிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு நாள் காலையில் வயல் நடுவே வட்டம் வட்டமாகத் தீய்ந்து கிடக்கும். புகை பிடித்த மாதிரி ஆகிவிடுவதால்தான் அந்தப் பெயர்.

கேரளத்தில் குட்டநாட்டை 1973–74-இல் புகையான் கடுமையாகத் தாக்கியது. இந்தோனேஷியாவிலும் பிலிப்பைன்ஸிலும் அதே காலத்தில் பெரும் நாசம். மருந்து அடித்தார்கள். அடித்த இடத்தில் சில சமயம் புகையான் முன்னைவிட அதிகமாகப் பெருகியது! காரணம், மருந்து புகையானைத் தின்கிற சிலந்தியையும் பிற நல்ல பூச்சிகளையும் முதலில் கொன்றுவிட்டது. தூருக்கு அடியில் ஒளிந்திருந்த புகையானும் அதன் முட்டையும் தப்பிவிட்டன. காவல் நாயைக் கொன்றுவிட்டுத் திருடனைத் தேடிய கதைதான்.

ஆகவே மறுபடியும் ரகம் ரகமாகச் சோதனை. எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொல்கிறேன். ஒரு தட்டில் மண் பரப்பி, வரிசைக்கு ஒரு ரகமாக விதைப்பார்கள். நாற்று முளைத்ததும் புகையான் குஞ்சுகளை அள்ளிக் கொட்டுவார்கள். தாங்காத ரகம் சில நாளில் மஞ்சளித்துச் செத்துவிடும். தாங்குகிற ரகம் பச்சையாகவே நிற்கும். பெரும்பாலான ரகங்கள் செத்துத்தான் போயின. பச்சையாக நின்றவை சிலவே. அவற்றில் இந்திய நெல்லான முட்கோ, நம் கோயம்புத்தூர் கோ 22, அம்பாசமுத்திரம் ஏ.எஸ்.டி. 7, பட்டாம்பியின் பி.டி.பி. 18, 21, 33 ஆகியவை உண்டு. முட்கோ ஏன் தப்பித்தது என்று பார்த்தார்கள். புகையான் விரும்பி உறிஞ்சத் தேவையான அஸ்பராஜின் என்ற சத்து அதன் சாற்றில் குறைவு. புகையான் ஊசியைக் குத்திப் பார்க்கும், ருசி இல்லாமல் எடுத்துவிடும். பட்டினியில் கிடந்து போகும்.

பூச்சியும் பாடம் படிக்கும்

புகையானைத் தாங்கும் முதல் ரகமாக 1973-இல் ஐ.ஆர். 26 வந்தது. இதற்கும் ஒரு தாயாதி நம் டி.கே.எம். 6 தான். இதிலே ஒரு அதிசயம் உண்டு. டி.கே.எம். 6 நெல்லைப் புகையான் தட்டில் வைத்தால் அதுவே தாங்காது. ஆனால் அதன் வாரிசில் சில தாங்கின. தாங்கும் குணம் அதற்குள்ளே மறைந்து கிடந்திருக்கிறது. அதை அமுக்கி வைத்திருந்த இன்னொரு குணம் கலப்பில் விலகியதும் வெளியே வந்துவிட்டது.

எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் ஐ.ஆர். 26 போட்டார்கள். இரண்டு மூன்று வருஷந்தான். அந்த ரகத்தையே தின்னக் கற்ற புகையான் வந்துவிட்டது. கோடிக்கணக்கான பூச்சியில் எங்கோ ஒன்றிரண்டுக்கு அந்தச் சாறு ஒத்துக்கொண்டிருக்கும். மற்றவை செத்த இடத்தில் அவை பெருகின. எங்கே பார்த்தாலும் ஒரே ரகம் நின்றதால் அவற்றுக்கு ஒரே விருந்து.

பிறகு 1976-இல் ஐ.ஆர். 36. பஞ்சாப்பைச் சேர்ந்த குர்தேவ் குஷ் என்ற நெல் வல்லுநர் முன்னின்று உருவாக்கியது. அதிலே பட்டாம்பியின் பி.டி.பி. 18, பி.டி.பி. 21 இரண்டும் கலந்திருக்கின்றன. புகையான் பரப்புகிற புல்குட்டை நோய்க்கு 6,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்ததில், உத்தரப் பிரதேசத்தில் எடுத்த ஒரே ஒரு காட்டுநெல்தான் தாங்கியது. அதையும் ஐ.ஆர். 36-இல் சேர்த்தார்கள். ஒரு காலத்தில் உலகத்தில் சுமார் 1 கோடியே 10 லட்சம் ஹெக்டேரில் அது நின்றது. யாரும் மதிக்காமல் கிடந்த ஒரு புல்லுக்கு எத்தனை மதிப்பு, பாருங்கள்.

அதற்குப் பிறகும் பூச்சி ஓயவில்லை. இந்தோனேஷிய அரசு 1986-இல், நெல்லுக்கு அடித்து வந்த 57 வகைப் பூச்சி மருந்துகளைத் தடை செய்தது. மருந்தை மட்டும் நம்பினாலும் தோல்வி, ஒரு ரகத்தை மட்டும் நம்பினாலும் தோல்வி என்பதை அந்த நாடு பட்டுத் தெரிந்துகொண்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்பாசமுத்திரத்து ஏ.எஸ்.டி. 7 பிலிப்பைன்ஸ் புகையானைத் தாங்கியது. ஆனால் நம் ஊர்ப் புகையானை அது தாங்காது! முட்கோவும் அப்படியே. நம் நாட்டுப் புகையான் வேறு வகை. நம் புகையானுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பது பட்டாம்பியின் பி.டி.பி. 33. இன்றைக்கும் புதிய ரகங்களைச் சோதிக்கும்போது, தாங்கும் நெல்லுக்கு அளவுகோலாக அதைத்தான் ஒரு வரிசையில் விதைக்கிறார்கள். ஆகையால் “அந்த ஊரில் தாங்கியது, இங்கேயும் தாங்கும்” என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது.

நமக்குப் பக்கத்து மதுரையிலும் ஓர் உதாரணம் உண்டு. ஆனைக்கொம்பன் ஈ தாக்கினால் தூர் வெங்காயத் தாள் மாதிரி நீண்டு, கதிர் இல்லாமல் போகும் அல்லவா? அதைத் தாங்கும் குணம் ஈஸ்வரகோரா என்ற தெலுங்கு நாட்டு நெல்லில் இருந்தது. வாரங்கல் நிலையத்தார் அதை டபிள்யூ. 1263 என்ற ரகத்தில் கொண்டுவந்தார்கள். அதை ஐ.ஆர். 8-உடன் கலந்து மதுரையில் எடுத்ததுதான் எம்.டி.யு. 3.

பெரியவருக்குப் பதில்

இப்போது கண்மாய்க்கரைப் பெரியவரிடம் திரும்பி வருவோம். நான் அவருக்குச் சொன்ன பதில் இதுதான்.

“ஐயா, பழைய நெல் எல்லாமே பூச்சியைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. தட்டில் வைத்துச் சோதித்தபோது பழைய நெல்லிலும் பெரும்பாலானவை செத்துத்தான் போயின. உங்க அப்பா காலத்தில் பூச்சி அடங்கிக் கிடந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. அன்றைக்கு யூரியா இல்லை, பயிர் இப்படிக் கொழுக்கவில்லை. ஒரு கண்மாய்ப் பாசனத்தில் நாலைந்து விதமான நெல் நின்றது. சிலந்தியை, தட்டானை யாரும் மருந்தடித்துக் கொல்லவில்லை. விளைச்சலும் குறைவுதான், அதையும் மறக்கக்கூடாது. ஆனால் அந்தப் பல விதமான நெல்லில் எங்கோ ஒன்றில் காவல்காரன் இருந்தான். எதில் இருக்கிறான் என்று தெரியாமலே உங்க அப்பா எல்லாவற்றையும் குதிரில் காப்பாற்றி வைத்திருந்தார். நாம் எதில் இருக்கிறான் என்று தெரிந்துகொள்வதற்கு முன்னாலேயே பலவற்றைத் தொலைத்துவிட்டோம்.”

பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எங்க வீட்டிலேயும் நொறுங்கன் இருந்துச்சு தம்பி. ஒரு பஞ்சத்துல அவிச்சுத் தின்னுட்டோம்” என்றார்.

இராமநாதபுரம் சீமையில் நெல் விவசாயம் என்பது வானத்தைப் பார்த்துச் செய்வது. ஆவணி புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு, ஐப்பசி மழைக்குக் காத்திருக்கிறோம். நொறுங்கன், நூற்றிப்பத்து, சித்திரைக்கார் போன்ற நெல் இந்த வறட்சியைத் தாங்கி வந்தவை. பரமக்குடி வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் இந்த மண்ணுக்கென்றே பி.எம்.கே. ரகங்களையும் அண்ணா 4 ரகத்தையும் கொடுத்திருக்கிறது. ஒரே போகம், அதுவும் மழையை நம்பி. இதிலே இரண்டு மூன்று தடவை மருந்துக்குச் செலவழித்தால் மிச்சம் என்ன நிற்கும்? விதைக்குள்ளேயே இருக்கும் காவல்காரனுக்குக் கூலி கிடையாது. அவனுடைய அருமை நம்மைப் போன்ற மானாவாரிக்காரனுக்குத்தான் அதிகம் தெரிய வேண்டும்.

பாம்பனுக்கு அந்தப் பக்கம், இராமேஸ்வரம் தீவில் தென்னை வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். சுருள் வெள்ளை ஈ 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டது. தென்னையில் குட்டை ரகங்களையும் வீரிய ஒட்டு ரகங்களையும் அது அதிகமாகப் பிடித்தது. நாட்டு நெட்டை மரங்களில் தாக்குதல் குறைவாக இருந்தது. அங்கேயும் அதே பாடந்தான். தோப்பு முழுக்க ஒரே ரகமாக வைக்காதீர்கள்.

நாம் செய்ய வேண்டியது

விதை வாங்கும்போது “எத்தனை மூட்டை விளையும்?” என்று மட்டும் கேட்காமல், “எந்தப் பூச்சியைத் தாங்கும்? இந்த மாவட்டத்தில் போட்டுப் பார்த்தார்களா?” என்றும் கேளுங்கள். வேளாண்மை விரிவாக்க மையத்தில் சொல்லுவார்கள்.

ஒரு கண்மாய் ஆயக்கட்டு முழுக்க ஒரே ரகம் போட வேண்டாம். வயது ஒத்துப்போகிற இரண்டு மூன்று ரகங்களைப் பேசி வைத்து விதையுங்கள். தண்ணீர் விடுகிற கணக்கும் கெடாது, பூச்சிக்கும் ஒரே விருந்து கிடைக்காது.

தாங்கும் ரகம் என்பதற்காக யூரியாவை அள்ளிக் கொட்டாதீர்கள். பிரித்துப் பிரித்துப் போடுங்கள். நடவு செய்கிறவர்கள் எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டு நட்டால் காற்றும் வெளிச்சமும் அடித்தூர் வரைக்கும் போகும், புகையான் ஒதுங்க இடமிருக்காது. புகையான் தெரிந்தால் முதலில் தண்ணீரை வடியுங்கள்.

மருந்து எடுப்பதற்கு முன் தூரை விலக்கி எண்ணுங்கள். சிலந்தியே இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் இருந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். ஒரு காலத்தில் மூட்டை மூட்டையாகத் தூவிய பி.எச்.சி. தூள் 1997-இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. அது மண்ணிலும் பாலிலும் தங்கிவிடும் என்று தெரிய நமக்கு அத்தனை வருஷம் ஆயிற்று. சிலந்தியால் அப்படி ஒரு கெடுதலும் கிடையாது.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டிலோ, சம்பந்தி வீட்டிலோ, பக்கத்து ஊரிலோ யாராவது பழைய நெல்லை ஒரு பானையில் வைத்திருந்தால், அதில் ஒரு படியை வருஷந்தோறும் ஒரு மூலையில் விதைத்துப் புதுப்பித்து வாருங்கள். ஒரு கைப்பிடியைப் பரமக்குடி நிலையத்தாரிடம் கொடுத்து, ஊர்ப் பெயரையும் சொல்லி வையுங்கள். அதில் காவல்காரன் இருக்கிறானா இல்லையா என்பது இன்றைக்குத் தெரியாது. திரூர்க்குப்பத்து நெல்லுக்குள்ளே இருந்ததும் இருபது வருஷம் கழித்துத்தானே தெரிந்தது! உத்தரப் பிரதேசத்துக் காட்டுநெல்லை ஒரு மாடு மேய்ந்திருந்தால் அந்தக் கதையே வேறு.

பூச்சி வருஷத்துக்கு வருஷம் புதுப் பாடம் படித்துக்கொண்டே இருக்கிறது. பதில் சொல்ல நம்மிடம் பல விதமான விதை இருக்க வேண்டும். அந்தப் பெரியவர் வீட்டு நொறுங்கன் பஞ்சத்தில் போனது. நம் வீட்டில் மிச்சம் இருப்பது அசட்டையால் போகாமல் பார்த்துக்கொள்வோம்.